அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி, ஆனால் லிவர் என்சைம் நார்மல். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா?

பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 56 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்' என்று வந்துவிட்டது, ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். 1993-ல் ஒரு லாரி விபத்தில் அடிபட்டபோது அவருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை, எப்போதாவது குடிப்பதும் உண்டு. ஒரு டாக்டர் "என்சைம் எல்லாம் நார்மலாகத்தானே இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம்" என்கிறார், இன்னொருவர் உடனே மூன்று மாத மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார். இதில் யார் சொல்வது சரி, இது முழுசாகக் குணமாகிற நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், வீட்டில் அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகவும் பேத்தியைத் தூக்க விடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கல்லீரல் நோய்ப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறவன். அப்பாவை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் போட்டிருக்கும் ஒரு பக்க ரிப்போர்ட்டை வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால் எந்த மருந்து, எத்தனை வாரம் என்பதை அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னால் செய்ய முடிந்தது, அந்த டாக்டரிடம் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும், எதற்காகக் கேட்க வேண்டும் என்று சொல்வது.

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே பழைய இடத்தில் வையுங்கள். பேத்தியை அவர் தூக்கட்டும், கொஞ்சட்டும், ஊட்டிவிடட்டும். ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகப் பரவுகிற கிருமி. சாப்பாட்டில், தண்ணீரில், எச்சிலில், இருமலில், கொசுக்கடியில், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதில் பரவாது. அவருடைய ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சுகர் பார்க்கிற ஊசி, இவை மட்டும் தனியாக இருக்கட்டும். அதுவும் ரத்தம் படக்கூடிய பொருள்கள் என்பதால்தான். கணவன் மனைவிக்குள் தாம்பத்தியத்தில் பரவுவது மிக அரிது, ஆனாலும் அம்மாவுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. அம்மாவுக்கு இல்லை என்றால் பிறப்பின் வழியாக உங்களுக்கு வந்திருக்க வழியில்லை, ஏனென்றால் குழந்தைக்குப் போவது தாயிடமிருந்துதான், அதுவும் கிருமி உள்ள தாய்மார்களில் ஏறக்குறைய 20-ல் ஒருவரிடமிருந்து. வயதான ஒரு மனிதர் தன் வீட்டிலேயே தனித்தட்டில் சாப்பிடுவது எவ்வளவு வேதனை என்பதை நோயாளிகள் வாயால் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன் எடுத்தது எதிர்ப்பொருள் சோதனை. இந்தக் கிருமி எப்போதோ ஒரு காலத்தில் உடம்புக்குள் வந்திருக்கிறது, உடம்பு அதை எதிர்த்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கிருமி இப்போது இருக்கிறதா என்பதை அது சொல்லாது. தொற்று ஏற்பட்டவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் கிருமி போய்விடுகிறது, ஆனால் எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். அது போக, இந்தச் சோதனை சில சமயம் தவறாகவும் பாசிட்டிவ் காட்டும். அதனால் அடுத்து எடுக்க வேண்டியது ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது ரத்தத்தில் கிருமியையே நேரடியாகத் தேடுவது, 'வைரல் லோடு' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். அதில் கிருமி தெரியவில்லை என்றால் அப்பாவுக்கு இந்த மாத்திரை தேவையில்லை. தெரிந்தால் நாள்பட்ட தொற்று உறுதி, மாத்திரை கட்டாயம் வேண்டும். இந்த ஒரு பரிசோதனை இல்லாமல் மூன்று மாத மாத்திரையைத் தொடங்கச் சொன்ன டாக்டரும் அவசரப்படுகிறார், அப்படியே விடலாம் என்று சொன்ன டாக்டரும் பாதியில் நிறுத்திவிட்டார். வைரல் லோடு பல லட்சம் என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். அந்த எண் பெரிதாக இருப்பதற்கும் கல்லீரல் கெட்டிருக்கும் அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

இப்போது எனக்குக் கவலை தந்த இடம். உங்கள் ரிப்போர்ட்டில் லிவர் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36. இரண்டும் நார்மல் என்பது உண்மைதான், எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிட்டார்கள். அதே பக்கத்தின் மேல்பாதியில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக, 1,05,000 என்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. என்சைம் என்பது இன்றைக்கு எத்தனை கல்லீரல் செல்கள் காயப்பட்டு உடைகின்றன என்பதன் கணக்கு. இத்தனை வருடத்தில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அதற்குள் போகிற ரத்தம் தடைப்பட்டு அழுத்தம் ஏறும், மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை, வந்தவரிடம் என்சைம் நார்மலாகவும் பிளேட்லெட் குறைவாகவும் இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைவிடக் கொஞ்சம் அதிகமாக இருப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று, தனியாக அதற்குப் பெரிய மதிப்பில்லை என்றாலும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஃபிப்-4 என்று பெயர், போனில் இருக்கும் கால்குலேட்டரில் நீங்களே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 56 பெருக்கல் 38, 2128. அப்புறம் பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 105 பெருக்கல் 6, 630. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 3.38. இது 1.45-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே போனால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம். அப்பாவின் எண் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆனால் உடனே சிரோசிஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே ரிப்போர்ட்டை வைத்து ஏப்ரி என்ற இன்னொரு கணக்கைப் போட்டால், எஸ்.ஜி.ஓ.டி.யின் மேல் எல்லை 40 என்று எடுத்துக்கொண்டால், 0.9-தான் வருகிறது. அதில் சிரோசிஸ் என்று சந்தேகப்பட 2 வர வேண்டும், குறிப்பிடத்தக்க தழும்பே இல்லை என்று ஒதுக்க 0.5-க்குக் கீழே வர வேண்டும், இது நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. பிளேட்லெட் எண்ணிக்கையே சில சமயம் மெஷினில் தவறாகக் குறைந்து காட்டும், டெங்கு மாதிரி ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தாலும் குறைந்திருக்கும். அதனால் பிளேட்லெட்டை மறுபடி பார்க்க வேண்டும், ஒரு அல்ட்ரா சவுண்ட் எடுக்க வேண்டும், முடிந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். ஃபைப்ரோஸ்கேன் வலியில்லாதது, விலாவில் ஒரு கருவியை வைத்துக் கல்லீரலின் இறுக்கத்தை அளப்பது, அதற்கு முன் மூன்று மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். 7 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நல்லது, 12.5-ஐத் தொட்டால் சிரோசிஸ் என்று எடுத்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்ப்போம். நடுவில் வந்தால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு.

30 வருடத்துக்கு மேல் இந்தக் கிருமி உள்ளே இருந்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 1993-ல் ஏற்றிய ரத்தத்தில் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அதுதான் முதல் சந்தேகம். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான், நம் நாட்டு ரத்த வங்கிகளில் இதற்கான சோதனை எல்லா இடத்திலும் கட்டாயமாக நடக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட எல்லோருமே ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது என்று நான் சொல்வேன், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும், ஒரே ஊசியைப் பலருக்குப் போட்ட காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 வருடத்துக்குள் சிரோசிஸ் வருகிறது என்பது பொதுவான கணக்கு. சுகர், குடி, உடல் பருமன் சேர்ந்தால் அது வேகமாகும். இந்தக் கிருமியில் இந்தியாவில் அதிகம் காணப்படும் 3-ஆம் மரபணு வகையும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்து வேகத்தைக் கூட்டுகிற ஒன்று.

"விட்டுவிடலாம்" என்று சொன்ன டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். அவர் படித்த காலத்தில் அது நியாயமான யோசனை. அப்போது இருந்தது இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான். ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைக்கும் போட வேண்டும், காய்ச்சல், ரத்தசோகை, முடி கொட்டுதல், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகிற மனச்சோர்வு என்று அவ்வளவும் பட்டு, 1-ஆம் வகைக் கிருமிக்குப் பாதிப் பேருக்குக்கூடச் சரியாகாது. அந்தச் சூழலில் என்சைம் நார்மலாக இருக்கிற ஒருவரை விட்டுப்பிடிப்போம் என்று சொன்னதில் தப்பில்லை. 2013 டிசம்பரில் கிலியட் நிறுவனத்தின் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் எல்லாம் மாறியது. அங்கே 12 வாரத்துக்கு 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர் என்று விலை வைத்தார்கள். 2014-ல் அந்த நிறுவனம் இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது, 2015-ல் இங்கே தயாரான மாத்திரைகள் கடைக்கு வந்தபோது விலை அதில் ஒரு சிறு பங்குக்கு இறங்கிவிட்டது. 2016-ல் பஞ்சாப் அரசு தன் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது, 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுக்கப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தத் திட்டத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், ஆதாரும் ரிப்போர்ட்டும் கொண்டுபோங்கள். ஆர்.என்.ஏ. பரிசோதனைக்குத் தனியாரில் சில ஆயிரம் செலவழிப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். மாத்திரை வேண்டாம் என்று சொல்ல இன்றைக்குக் காரணங்கள் மிகக் குறைவு. ஆர்.என்.ஏ. பாசிட்டிவ் என்றால், வேறொரு நோயால் ஆயுள் மிகக் குறைவாக இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் போன்ற சிலரைத் தவிர எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. என்சைம் நார்மலா இல்லையா என்பது இப்போது கணக்கிலேயே வராது.

கல்லீரலின் நிலையை ஏன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், மருந்தே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. சிரோசிஸ் இல்லை என்றால் திட்டத்தில் கொடுப்பது சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் டக்லடாஸ்விர் 60 மில்லிகிராமும், தினம் ஒருமுறை, 12 வாரம். சிரோசிஸ் இருக்கிறது, ஆனால் கல்லீரல் இன்னும் தன் வேலையைச் சமாளிக்கிறது என்றால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, அதுவும் 12 வாரம். வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி, குழப்பம், காமாலை என்று கல்லீரல் தளர்ந்த நிலைக்குப் போயிருந்தால் அதோடு ரிபாவிரினும் சேரும். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 24 வாரம் ஆகும். தளர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் நடந்த ஒரு முக்கியமான ஆய்வில் வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை 12 வாரம் தனியாகக் கொடுத்தபோது 83 சதவீதம், 24 வாரம் கொடுத்தபோது 86, ரிபாவிரின் சேர்த்து 12 வாரம் கொடுத்தபோது 94 சதவீதம் பேருக்குக் கிருமி போனது. சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு 95 சதவீதத்துக்கு மேலேயே போகிறது. 3-ஆம் வகையும் சிரோசிஸும் சேர்ந்தால் கொஞ்சம் குறையும், ஆனால் அப்போதும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகிவிடுகிறது. மரபணு வகைப் பரிசோதனை முன்பு கட்டாயம், இப்போது இந்த மருந்துகள் எல்லா வகைக்கும் வேலை செய்வதால் முதல்முறை சிகிச்சைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அதற்காக ஒரு மாதம் காத்திருந்து தொடக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை தொடங்குவதற்கு முன் இன்னும் சில விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இதில்தான் வெளியே நிறையத் தவறுகிறது. முதலாவது ஹெபடைடிஸ் பி சோதனை. இரண்டு கிருமியும் ஒரே கல்லீரலில் இருந்தால் சி கிருமி பெரும்பாலும் பி கிருமியை அமுக்கி வைத்திருக்கும். மாத்திரையால் சி போனதும் பி தலைதூக்கி, கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது, சிலர் இறந்தும் இருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே இந்த மருந்துகள் எல்லாவற்றின் மீதும் எச்சரிக்கை போட வைத்தது. பி இருப்பது தெரிந்தால் அதற்கும் ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துப் பாதுகாத்துவிடலாம், தெரியாமல் தொடங்குவதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. சோதனையும், சிறுநீரக வேலைக்கான கிரியேட்டினினும் கூடவே பார்த்துவிடுவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்து கூடாது என்று முன்பு சொல்வோம். இப்போது டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கொடுக்கிறோம், அதனால் யாராவது பழைய காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னொரு இடத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, அவர் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகள். அந்தக் காலைக் கேஸ் மாத்திரை சாதாரணமாகத் தெரியும், ஆனால் வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் மாதிரியான மாத்திரைகள் அமிலத்தை அடக்கிவிடுவதால் மருந்து போதுமான அளவு ரத்தத்தில் ஏறாது. 12 வாரம் சரியாகச் சாப்பிட்டும் கிருமி போகாமல் வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்விகளில் இது ஒன்று. நம் ஊரில் கேஸ் மாத்திரையை மருந்தென்றே யாரும் எண்ணுவதில்லை, டாக்டர் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் அதைச் சொல்லவும் மாட்டார்கள். முடிந்தால் அந்த 12 வாரமும் அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். நிறுத்தவே முடியாது என்றால் வெல்படாஸ்விரைச் சாப்பாட்டோடு முதலில் எடுத்து, நான்கு மணி நேரம் கழித்து ஒமிபிரசோல் 20 மில்லிகிராம் எடுக்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல் மருந்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வலிப்புக்குச் சாப்பிடுகிற ஃபெனிடோயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிடோன், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இவற்றோடு இந்த மருந்துகளைச் சேர்க்கவே கூடாது. இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாகக் குறையும். கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடின் சாப்பிடுகிறவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், ஹோமியோபதி, சித்த மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். ஞாபகத்திலிருந்து பேர் சொல்வதைவிட அது நல்லது.

சுகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிருமி குறையக் குறைய உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், சிலருக்கு முதல் சில வாரங்களிலேயே சுகர் இறங்கும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் சுகர் தாழ்ந்துபோய் மயக்கம் வரலாம். அதனால் தொடங்கிய பிறகு வீட்டில் அடிக்கடி சுகர் பாருங்கள். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி என்றால் உடனே கொஞ்சம் சர்க்கரை கொடுத்துவிட்டு, மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.

குடிக்கிறார் என்பதற்காக யாரும் சிகிச்சையை மறுக்கக் கூடாது, குடிப்பவர்களுக்கும் இந்த மாத்திரை வேலை செய்கிறது. ஆனால் அப்பாவின் கல்லீரல் இருக்கிற நிலைக்கு, எப்போதாவது என்பதையும் நிறுத்திவிடுவது நல்லது, இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நான் சொல்ல மாட்டேன். அப்புறம் கீழாநெல்லி. காமாலை என்றதும் நம் வீடுகளில் கை தானாக அதற்குத்தான் போகும். அதில் எனக்கு வெறுப்பு இல்லை, ஆனால் ஹெபடைடிஸ் சி கிருமியை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பலருக்குச் சாதாரணக் காமாலை தானாகவே சரியாவதால் அதற்கு அந்தப் பேர் கிடைத்தது. அதைவிட, பெயர் தெரியாத லிவர் டானிக்குகளும், கொரோனா காலத்தில் பலரும் தினம் குடித்த சீந்தில் கஷாயமும் கல்லீரலையே பாதித்ததை நம் நாட்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சில மாதமாவது அவற்றை ஒதுக்கி வையுங்கள். சாப்பாட்டில் பத்தியம் என்று எதுவும் தேவையில்லை. முட்டை, பருப்பு, மீன், பால், எண்ணெய் அளவாக, எல்லாம் சாப்பிடலாம். கல்லீரல் நோய் என்றதும் வெறும் கஞ்சியில் வைத்து ஆளை இளைக்க வைப்பது சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கெடுதல், அவர்களுக்குப் புரதம் இன்னும் கூடுதலாகத் தேவை.

மாத்திரை சாப்பிடுகிற 12 வாரமும் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய தொந்தரவு இருக்காது, லேசான தலைவலி, அசதி, சில நாள் வயிற்றைப் புரட்டல், அவ்வளவுதான். முக்கியமானது விடாமல் சாப்பிடுவது. மாதக் கடைசியில் மருந்து தீர்ந்துபோய் ஒரு வாரம் இடைவெளி விழுவதுதான் நான் பார்க்கிற பெரிய பிரச்சினை, அதனால் பாட்டிலில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். சிரோசிஸ் இருந்தால் நான்காவது வாரத்தில் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், ரிபாவிரின் சேர்ந்திருந்தால் ஹீமோகுளோபினுக்காக இன்னும் அடிக்கடி. ரிபாவிரின் சாப்பிடுகிறவர் ஆணோ பெண்ணோ, மருந்து முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் வயதில் இது பெரும்பாலும் பொருந்தாது, ஆனால் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும்.

குணமாகுமா என்ற கேள்விக்கு இப்போது நேராகப் பதில். ஆமாம், ஆகும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. மறுபடி எடுத்து, அதில் கிருமி தெரியவில்லை என்றால் அது போய்விட்டது. அடக்கி வைத்திருக்கிறோம் என்று சொல்கிற நிலை ஹெபடைடிஸ் பி-யிலும் எச்.ஐ.வி.யிலும், இது அப்படியில்லை, அதற்குப் பிறகு தானாகத் திரும்பி வருவது மிக மிக அரிது. மாத்திரை முடிந்த அன்றைக்கே எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அந்த 12 வாரம் பொறுத்து எடுப்பதுதான் கணக்கு. நிறையப் பேர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதற்கு வருவதே இல்லை. கிருமி போகாத அந்தச் சிலருக்கும் வழி இருக்கிறது, வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரையோடு ரிபாவிரினையும் சேர்த்து 24 வாரம் கொடுப்போம்.

குணமான பிறகும் அந்த எதிர்ப்பொருள் சோதனை ஆயுள் முழுக்க ரியாக்டிவ் என்றே காட்டும். இது தெரியாமல் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும், வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கும் போய்த் திடுக்கிட்டு, மறுபடி அதே மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவர்கள்கூட உண்டு. 12-வது வார ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைப் பத்திரம் மாதிரி எடுத்து வையுங்கள். ரத்ததானம் மட்டும் இனிமேல் கொடுக்க முடியாது. இன்னொன்று, ஒருமுறை வந்து போனது மறுபடி வராமல் காக்காது, கிருமியுள்ள ரத்தம் மறுபடி உள்ளே போனால் மறுபடி வரும், இதற்குத் தடுப்பூசியும் இன்னும் கிடையாது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, அப்பாவுக்கு அந்தக் கிருமி இல்லை என்று தெரிந்தால் போட்டுவிடுங்கள்.

கிருமி போவதும் கல்லீரல் பழையபடி ஆவதும் வேறு வேறு. தழும்பு அதிகம் இல்லாதவர்களை நாங்கள் வாழ்த்தி அனுப்பிவிடுவோம், திரும்பி வர வேண்டியதில்லை. சிரோசிஸ் அளவுக்குப் போனவர்கள் கிருமி போனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ரா சவுண்ட் எடுக்க வேண்டும், ஏனென்றால் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் நன்றாகக் குறைகிறதே ஒழிய இல்லாமல் போவதில்லை. சிரோசிஸ் என்றால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியும் பார்க்க வேண்டியிருக்கும். ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால் அதைத் தவிர்க்கலாம், அப்பாவின் பிளேட்லெட் அந்தச் சலுகைக்குள் வரவில்லை. இந்த ஆறு மாத ஸ்கேனை எத்தனை வருடம் கழித்து நிறுத்தலாம் என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தழும்பு எவ்வளவு கரையும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஃபைப்ரோஸ்கேன் எண் குறைவதைப் பல பேரிடம் பார்க்கிறோம், ஆனால் அது பாதி வீக்கம் வடிவதாலும் இருக்கலாம். இந்த மாத்திரையே புற்றுநோயைத் தூண்டுகிறது என்று 2016 வாக்கில் ஒரு பயம் கிளம்பியது, பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, இணையத்தில் அந்தப் பழைய செய்தியைப் பார்த்தால் கலங்க வேண்டாம். கல்லீரல் மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கு முதலில் மாத்திரையா, முதலில் மாற்று அறுவை சிகிச்சையா என்பது மட்டும் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி, அதை மாற்று சிகிச்சை செய்கிற மையத்தில் நேரில் பேசித்தான் முடிவெடுக்க முடியும்.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். கிருமி இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனை மறுப்பது சரியில்லை, எந்த நோயாளிக்கும் எடுக்கிற அதே பாதுகாப்போடு செய்யலாம். ஆனால் சிரோசிஸ் இருக்கிறதா என்று தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைப்பது தவறு, அந்த வகையில் இந்தத் தள்ளிவைப்பு அப்பாவுக்கு நல்லதுதான் செய்திருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, குடலிறக்கம் எங்கே? அரையில் இருந்தால் அவசரமில்லை, வலியோ அடைப்போ இல்லாதவரை கல்லீரலைப் பார்த்துவிட்டு நிதானமாகச் செய்யலாம். தொப்புளில் புடைத்திருக்கிறது, சமீபத்தில் வயிறும் பெருத்திருக்கிறது, காலில் வீக்கம் இருக்கிறது என்றால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். அப்படியானால் அது தளர்ந்த கல்லீரலின் அறிகுறி, மருந்துத் திட்டமும் மாறும், நாள் கடத்தாமல் இந்த வாரமே காட்டுங்கள். புடைப்பு திடீரென்று கல் மாதிரி இறுகி வலித்து வாந்தி வந்தாலோ, ரத்த வாந்தி, கறுப்பு மலம், பேச்சில் தடுமாற்றம் வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆர்.என்.ஏ., ஹெபடைடிஸ் பி, மறுபடி எடுத்த பிளேட்லெட், அல்ட்ரா சவுண்ட் நான்கும் கையில் வந்ததும் இங்கேயே பேர், போன் நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.